ஒரே பாடம், எல்லாக் கணினியிலும்: கொள்கலனில் ஓர் இயந்திரக் கற்றல் ஆய்வகம்

மேல்நிலை வகுப்பில் ஒரு பாடவேளை 40 அல்லது 45 நிமிடம். மாணவர்கள் கணினி ஆய்வகத்துக்கு நடந்து வந்து, இடம் பிடித்து, கணினியை இயக்கி முடிக்கும்போது அதில் பத்து நிமிடம் போய்விடும். மீதி நேரத்தில் இயந்திரக் கற்றலின் ஒரு சிறு பாடத்தை நடத்த நினைக்கிறோம். ஒரு கணினியில் பைத்தான் பழைய பதிப்பு. இன்னொன்றில் புதியது. மூன்றாவதில் நூலகத் தொகுப்பே இல்லை. நிரலின் முதல் வரியிலேயே சிவப்பு எழுத்தில் பிழை வருகிறது. அதைச் சரிசெய்வதற்குள் மணி அடித்துவிடுகிறது. மாணவர் கற்றுக்கொண்டது 'கணினி வேலை செய்யவில்லை' என்பதை மட்டும்தான்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இருப்பதால், செயற்கை நுண்ணறிவு பற்றி மாணவர்கள் கேட்கும் கேள்விகளுக்குச் செய்துகாட்டியே பதில் சொல்ல நம்மிடம் அடிப்படை இருக்கிறது. இல்லாதது நிலையான ஒரு சூழல். அதைக் கொள்கலன் வழியாக எப்படி அமைப்பது என்பதே இக்கட்டுரை. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்பாகவே தருகிறேன். திரையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

நேற்று ஓடிய நிரல் இன்று ஏன் ஓடவில்லை?

இயந்திரக் கற்றலுக்குப் பெரும்பாலோர் பயன்படுத்தும் சைக்கிட்-லேர்ன் என்ற நூலகத்தில் பாஸ்டன் நகர வீட்டு விலைத் தரவு பல ஆண்டுகள் உடன் வந்துகொண்டிருந்தது. 1978இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து எடுத்த 506 வரிசைகள். எத்தனையோ பயிற்சி நூல்களில் முதல் பாடமே அதுதான். அந்தத் தரவின் ஒரு பத்தி, ஒரு பகுதியில் கறுப்பின மக்கள் எத்தனை பேர் என்பதிலிருந்து கணக்கிடப்பட்டது. இனவாரியாக மக்கள் பிரிந்து வாழ்வது வீட்டு விலையை உயர்த்தும் என்ற ஊகம் அதற்குள் இருந்தது. இதைக் காரணம் காட்டி, 2022 டிசம்பரில் வந்த 1.2 பதிப்பில் அந்தத் தரவை நூலகத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். பழைய பயிற்சி நூலை வைத்துக்கொண்டு புதிய பதிப்பில் பாடம் நடத்தினால் முதல் வரியிலேயே நிற்கும்.

2024 ஜூனில் நம்பை நூலகத்தின் 2.0 பதிப்பு வந்தபோதும் இதுபோல் நடந்தது. பழைய 1.x பதிப்புக்காகத் தொகுக்கப்பட்டிருந்த பல மென்பொருள்கள் புதியதோடு சேர்ந்து இயங்க மறுத்தன. ஜூனுக்கு முன் அமைத்த கணினியில் ஓடியது, ஜூனுக்குப் பின் அமைத்ததில் ஓடவில்லை. இரண்டிலும் ஆசிரியர் தட்டச்சு செய்த நிறுவல் கட்டளை ஒன்றேதான்.

எனவே எந்த நூலகம் என்பதோடு எந்தப் பதிப்பு என்பதையும் எழுதிப் பூட்டிவைக்க வேண்டியிருக்கிறது. பூட்டிவைப்பதால் பழைய தவறுகளையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டுமென்பதில்லை. பாஸ்டன் தரவைக் காப்பாற்றுவதற்காகப் பழைய பதிப்பிலேயே தங்கிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அந்த நீக்கத்தின் கதையை பதினோராம் வகுப்பில் சொன்னால், தரவுக்குள்ளும் ஒரு கண்ணோட்டம் ஒளிந்திருக்கும் என்பது தனி விளக்கம் இல்லாமலே புரியும்.

கொள்கலன் என்பது என்ன?

சென்னைத் துறைமுகத்தை நோக்கிப் போகும் சாலையில் வரிசைகட்டி நிற்கும் இரும்புப் பெட்டிகளை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உள்ளே என்ன சரக்கு என்பது பற்றிக் கப்பலுக்கும் லாரிக்கும் கவலை இல்லை. பெட்டியின் வெளியளவு ஒன்றுபோல் இருந்தால் போதும்.

மென்பொருள் கொள்கலனும் அப்படித்தான். பைத்தான், அதற்குத் தேவையான நூலகங்கள், அமைப்புக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால், அந்தப் பெட்டி எந்தக் கணினியில் இறங்கினாலும் உள்ளே இருப்பது மாறாது. இதற்கான அடித்தளம் லினக்ஸின் கருவில் 2008ஆம் ஆண்டு வாக்கிலேயே சேர்ந்துவிட்டது. எல்லோரும் எளிதாகப் பயன்படுத்தும்படி ஆக்கியது 2013இல் வெளியான டாக்கர்.

'இது மெய்நிகர்க் கணினிதானே?' என்று சிலர் கேட்பார்கள். மெய்நிகர்க் கணினி என்பது மனைக்குள் இன்னொரு முழு வீடு கட்டுவது போன்றது. அதற்குத் தனிக் கிணறே வெட்ட வேண்டும். கொள்கலன் ஒரே வீட்டில் தனித்தனி போர்ஷன் போல. சமையலறை தனித்தனி, கிணறு பொது. அந்தப் பொதுக் கிணறுதான் இயங்குதளத்தின் கரு. அதனால்தான் ஒரு சாதாரண மடிக்கணினியில் ஐந்தாறு கொள்கலன்களை ஒரே நேரத்தில் இயக்க முடிகிறது.

இரண்டு சொற்களை மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள். 'படிமம்' என்பது மாறாத அச்சு. 'கொள்கலன்' என்பது அந்த அச்சிலிருந்து வார்த்து இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று. ஒரு படிமத்திலிருந்து பத்துக் கொள்கலன்கள் இயக்கினாலும் வட்டில் படிமம் ஒருமுறைதான் இடம்பிடிக்கும்.

கணினியை ஆயத்தம் செய்தல்

64-பிட் கணினி வேண்டும். 4 ஜிபி நினைவகத்தில் திணறும், 8 ஜிபி இருந்தால் நிம்மதி. விண்டோஸில் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பகுதியில் 'விர்ச்சுவலைசேஷன்' இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயோஸ் அமைப்புக்குள் போய் இயக்க வேண்டும். பிறகு பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து 'டபிள்யூஎஸ்எல் ஹைஃபன் ஹைஃபன் இன்ஸ்டால்' என்று கொடுத்து, கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டு, டாக்கர் டெஸ்க்டாப்பை நிறுவுங்கள். கல்விப் பயன்பாட்டுக்கு அது கட்டணமில்லாதது. உபுண்டு போன்ற லினக்ஸ் கணினியில் வேலை இன்னும் குறைவு; தொகுப்பு நிறுவியில் 'டாக்கர் டாட் ஐஓ' என்ற பெயரில் கிடைக்கும்.

பள்ளி ஆய்வகக் கணினிகளில் மென்பொருள் நிறுவும் உரிமை பெரும்பாலும் நம்மிடம் இருக்காது. தலைமையாசிரியரின் அனுமதியோடு, ஆய்வகப் பொறுப்பாளரைக் கொண்டே செய்வது நல்லது. அதுவும் இயலாவிட்டால் ஓர் ஆசிரியரின் மடிக்கணினி ஒன்றே போதும். அந்த வழியைக் கீழே சொல்கிறேன்.

நிறுவி முடித்ததும் 'டாக்கர் ரன் ஹெலோ-வேர்ல்டு' என்று கொடுங்கள். ஒரு வாழ்த்துச் செய்தி வந்தால் எல்லாம் சரி.

படிமத்துக்கு ஒரு சமையல் குறிப்பு

ஆயத்தப் படிமங்கள் இணையத்தில் நிறைய உண்டு. ஜூப்பிட்டர் திட்டமே பல படிமங்களை வெளியிடுகிறது. ஆனால் அவை எல்லாத் தேவைக்கும் சேர்த்து அடைத்தவை; பல ஜிபி இறக்க வேண்டும். நாமே சிறியதாக ஒன்று செய்வது இணையம் மெதுவாக இருக்கும் பள்ளிக்குப் பொருத்தம். உள்ளே என்ன இருக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்கும்.

ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாத பெயரில், ஒரு கோப்புறை உருவாக்குங்கள். அதற்குள் இரண்டு உரைக் கோப்புகள். முதலாவது 'ரெக்வயர்மென்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி'. அதில் ஒரு வரிக்கு ஒரு நூலகம், இரட்டைச் சமக்குறி, பதிப்பு எண் என்று எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக நம்பை 1.26.4, பாண்டாஸ் 2.2.2, மேட்பிளாட்லிப் 3.8.4, சைக்கிட்-லேர்ன் 1.4.2, ஜூப்பிட்டர்லேப் 4.2.0. பதிப்பு எண்ணை எழுதாமல் விட்டால் இந்த முயற்சிக்கே பொருளில்லை. அடுத்த ஆண்டு வேறொன்று வந்து உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது கோப்பின் பெயர் 'டாக்கர்ஃபைல்'. முதல் எழுத்து மட்டும் பெரியது. பின்னொட்டு எதுவும் கூடாது. நோட்பேட் தானாகவே 'டாட் டிஎக்ஸ்டி' என்று சேர்த்துவிடும், அதைக் கவனித்து நீக்குங்கள். இதற்குள் ஐந்து வரிகள். 'ஃப்ரம்' என்று தொடங்கும் வரியில் பைத்தான் 3.11இன் 'ஸ்லிம்' வடிவத்தைக் கேட்கிறோம். முழு வடிவம் விரிந்த நிலையில் 1 ஜிபி அளவுக்கு வரும். ஸ்லிம் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 'வொர்க்டிர்' என்ற வரி, பெட்டிக்குள் நாம் வேலை செய்யும் கோப்புறையைக் குறிக்கிறது. அதற்கு 'வேலை' என்றே பெயர் வைப்போம். 'காப்பி' வரி நூலகப் பட்டியலை உள்ளே கொண்டுபோகிறது. 'ரன்' வரி பிப் கொண்டு பட்டியலில் உள்ளவற்றை நிறுவுகிறது. கடைசியாக 'சிஎம்டி' வரி, பெட்டி திறந்ததும் ஜூப்பிட்டர்லேப் தொடங்கட்டும் என்கிறது.

இந்தக் கடைசி வரியில்தான் பலரும் இடறுவார்கள். ஜூப்பிட்டர் இயல்பாகத் தன் பெட்டிக்குள்ளிருந்து வரும் அழைப்புக்கு மட்டுமே பதில் சொல்லும். வெளியே இருக்கும் உலாவிக்கும் பதில் சொல்ல, ஐபி முகவரியை 0.0.0.0 என்று கொடுக்க வேண்டும். கொள்கலனுக்குள் அது நிர்வாகியாக ஓடுவதால் 'அலவ்-ரூட்' என்ற அனுமதியும் தேவை. இரண்டில் ஒன்று விடுபட்டாலும் உலாவியில் வெற்றுப் பக்கம்தான்.

அந்தக் கோப்புறைக்குள் முனையத்தைத் திறந்து 'டாக்கர் பில்ட் ஹைஃபன் டி பாடம்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு ஒரு புள்ளி வையுங்கள். 'இந்தக் கோப்புறையிலிருந்தே எடு' என்பது அந்தப் புள்ளியின் பொருள். முதல்முறை இணையம் வேண்டும், நேரமும் எடுக்கும். பள்ளி முடிந்த மாலையில் தொடங்கிவிட்டுத் தேநீர் அருந்தப் போகலாம்.

மாணவர் வேலை எங்கே தங்கும்?

கொள்கலனை நீக்கினால் அதற்குள் எழுதியது எல்லாம் அதோடு போய்விடும். இது குறையல்ல, ஒவ்வொரு முறையும் புத்தம்புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு வாரம் உழைத்து எழுதிய நிரல் காணாமல் போன மாணவரிடம் இந்த விளக்கம் எடுபடாது. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே இயக்கும் கட்டளையில் இரண்டு பகுதிகளை ஒருபோதும் விடக்கூடாது. 'டாக்கர் ரன்' என்பதற்குப் பின் 'ஹைஃபன் பி 8888:8888' என்பது கணினியின் வாயிலைப் பெட்டியின் வாயிலோடு இணைக்கிறது. 'ஹைஃபன் வி' என்பது கணினியில் உள்ள ஒரு கோப்புறையைப் பெட்டிக்குள் இருக்கும் 'வேலை' கோப்புறையோடு இணைக்கிறது. இடப்பக்கம் நம் கணினியின் முழுப் பாதை, நடுவே முக்காற்புள்ளி, வலப்பக்கம் பெட்டிக்குள் உள்ள பாதை. இறுதியில் படிமத்தின் பெயர். இப்படி இணைத்துவிட்டால் மாணவர் சேமிப்பது உண்மையில் நம் கணினியின் வட்டில் தங்கும். பெட்டியை எத்தனை முறை தூக்கி எறிந்தாலும் அது பத்திரம்.

முதல் வகுப்புக்கு முன் இதைச் சோதித்துவிடுங்கள். ஒரு கோப்பு எழுதிச் சேமியுங்கள், கொள்கலனை நீக்குங்கள், மீண்டும் இயக்கிப் பாருங்கள். கோப்பு இருக்க வேண்டும். மாணவர் கண்முன்னே இதைச் செய்துகாட்டினால் இன்னும் நல்லது. லினக்ஸ் கணினியில் இப்படி உருவாகும் கோப்புகள் நிர்வாகியின் உடைமையாக இருக்கும். சாதாரணப் பயனராக அழிக்க முடியாது. அதைக் கண்டு பதற வேண்டாம்.

இணைப்பதற்கு ஒரு தனிக் கோப்புறை மட்டுமே. முழு சி டிரைவையோ, வினாத்தாள்கள் இருக்கும் ஆவணக் கோப்புறையையோ இணைத்தால், பெட்டிக்குள் இருப்பவர் எல்லாவற்றையும் படிக்கலாம், அழிக்கலாம். பெட்டியின் சுவர் நாம் திறந்துவிட்ட கதவைத் தடுக்காது.

ஒரு பென் டிரைவ், பத்துக் கணினிகள்

பத்துக் கணினியிலும் தனித்தனியே இணையத்திலிருந்து இறக்குவது நடக்காத காரியம். ஒன்றில் உருவாக்கிய படிமத்தை 'டாக்கர் சேவ்' கட்டளையால் ஒரே கோப்பாக மாற்றிப் பென் டிரைவில் வைத்து, மற்றவற்றில் 'டாக்கர் லோடு' கட்டளையால் ஏற்றிக்கொள்ளலாம். அங்கே இணையமே தேவையில்லை. ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இன்டெல், ஏஎம்டி கணினியில் செய்த படிமம் ராஸ்பெர்ரி பை போன்ற ஆர்ம் வகைக் கணினிக்குப் பொருந்தாது.

ஒரே மடிக்கணினிதான் உள்ளது என்றால்? ஆய்வகத்தின் உள் வலையமைப்பில் அதை இணையுங்கள். ஐந்து குழுக்கள் என்றால் ஐந்து கோப்புறைகள், ஐந்து கொள்கலன்கள். முதல் குழுவுக்கு 8881, அடுத்ததற்கு 8882 என்று வெளி வாயில் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். பெட்டிக்குள் எல்லாம் 8888தான். ஒவ்வொன்றுக்கும் 'ஹைஃபன் ஹைஃபன் மெமரி' கொண்டு 1 ஜிபி வரம்பு வைத்தால், ஒரு குழுவின் முடிவற்ற மடக்கு அடுத்த குழுவின் நினைவகத்தைத் தின்னாது. மாணவர்கள் தங்கள் கணினியின் உலாவியில் மடிக்கணினியின் ஐபி முகவரியையும் தங்கள் வாயில் எண்ணையும் தட்டச்சு செய்தால் ஜூப்பிட்டர் திறக்கும். அவர்கள் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

உள்ளே நுழைய டோக்கன் என்ற நீண்ட சொல் கேட்கும். இயக்கும்போதே 'ஜூப்பிட்டர்_டோக்கன்' என்ற சூழல் மாறியில் குழுவுக்கொரு சொல்லைக் கொடுத்தால் கரும்பலகையில் எழுத வசதி. டோக்கனே வேண்டாம் என்று நீக்கிவிடாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் கேட்கும்போது தனி வலையமைப்புக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

ஜிபியு இல்லையே என்று தயங்க வேண்டாம். பள்ளிப் பாடத்துக்கு அது தேவைப்படாது.

முதல் பாடம்: 1,024 கட்டங்கள்

அமைத்த சூழலைச் சோதிக்க, சைக்கிட்-லேர்னுடன் வரும் 'டிஜிட்ஸ்' தரவு ஏற்றது. இணையம் வேண்டாம். 0 முதல் 9 வரை கையால் எழுதிய 1,797 இலக்கங்கள். ஒவ்வொன்றும் 8×8 கட்டங்களில் 64 எண்கள். இஸ்தான்புல் நகரின் போகாசிச்சி பல்கலைக்கழகத்தில் தொகுத்து 1998இல் வெளியிட்டது. நான்கில் மூன்று பங்கைக் கொண்டு பயிற்றுவித்து, மீதியைக் கொண்டு சோதித்தால், மிக எளிய 'அருகிலுள்ள அண்டை' முறையே நூற்றுக்கு 95க்கு மேல் சரியாகச் சொல்லும். மாணவர்கள் கைதட்டுவார்கள். தட்டட்டும்.

பிறகு கட்டத்தாளைக் கொடுங்கள். 32×32 கட்டம் கொண்ட சதுரம் ஒன்றை வரைந்து, அதை நிறைக்கும்படி தடித்த பேனாவால் ஓர் இலக்கம் எழுதச் சொல்லுங்கள். மை பட்ட கட்டங்களை நிரப்ப வேண்டும். பின்னர் 4×4 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நிரம்பியவை எத்தனை என்று எண்ண வேண்டும். 0 முதல் 16 வரை ஓர் எண் வரும். மொத்தம் 64 எண்கள். அந்தத் தரவை உருவாக்கியவர்கள் கணினியில் செய்ததும் இதைத்தான். எண்ணும் வேலையை நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளே செய்வார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கொள்கலனைத் தொடாமலேயே இந்தப் பகுதியை நடத்தலாம். எண்களை அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியின் மாணவர்களிடம் அனுப்பலாம்.

அந்த 64 எண்களைக் கொடுத்து மாதிரியைக் கேளுங்கள். சிலவற்றைச் சரியாகச் சொல்லும். சிலவற்றில் தடுமாறும், குறிப்பாக 1, 7, 9 ஆகியவற்றை நம் பிள்ளைகள் எழுதும் விதத்தில். 95க்கு மேல் வாங்கிய மாதிரி இங்கே ஏன் தவறுகிறது என்று வகுப்பில் கேள்வி எழும். அப்போது சொல்லுங்கள்: அந்த 1,797 இலக்கங்களையும் எழுதியவர்கள் 13 பேர் மட்டுமே. அந்த 13 பேரின் கையெழுத்தே பயிற்சியிலும் இருந்தது, சோதனையிலும் இருந்தது. படித்த வினாவே தேர்விலும் வந்தது போல. பதினான்காவது ஆள் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த வேலையை மாணவர்களே முன்மொழிவார்கள்: நம் வகுப்பின் கையெழுத்தைச் சேர்த்துப் பயிற்றுவிப்போம் என்று. 40 பேர் பத்து இலக்கங்கள் எழுதினால் 400 வரிசைகள். பெயரைக் குறிக்காமல் எண் மட்டும் போதும். எமிஸ் தளத்திலிருந்து மதிப்பெண் பட்டியலையோ ஆதார் விவரத்தையோ எடுத்து 'தரவு' என்று இந்தப் பயிற்சிக்குக் கொண்டுவருவது கூடவே கூடாது.

வகுப்பு முடிந்ததும் 'டாக்கர் ஸ்டாப்' கொடுத்துக் கொள்கலன்களை நிறுத்தி, குழுக் கோப்புறைகளின் நகலை எடுத்துவையுங்கள். படிமக் கோப்பின் பெயரில் கல்வியாண்டைச் சேர்த்து, அந்தப் பென் டிரைவை ஆய்வக இருப்புப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். டாக்கர்ஃபைலையும் நூலகப் பட்டியலையும் ஒரு தாளில் அச்சிட்டு அதே பதிவேட்டில் ஒட்டிவைத்தால், பணிமாறுதலில் வரும் ஆசிரியர் அதைப் பார்த்தே மீண்டும் அமைத்துக்கொள்வார்.